கவாத்துக் கட்டையில் பேனா: உழைக்கும் கிட்டைப் பார்த்து வாங்குவது எப்படி

"மரம் அப்படியேதான் இருக்குது தம்பி. மூக்குதான் கறுத்துப் போச்சு."

கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் கணக்கு எழுதும் அண்ணன் சொன்னது இது. நான் கடைந்து கொடுத்த பேனாவை எட்டாவது மாதம் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார். கவாத்து வெட்டிய தேயிலைக் கட்டையில் செய்த பேனா. மரம் அவர் கை பட்டுப் பட்டு மெருகேறி, கொடுத்த நாளைவிட அழகாகவே இருந்தது. தங்கமாக மின்னிய முனைதான் பார்க்கச் சகிக்கவில்லை. விரல் படுகிற இடமெல்லாம் முலாம் போய்ப் பித்தளை தெரிந்தது, அதன்மேல் களிம்பு. கிளிப் தொளதொளத்துக் கிடந்தது. திருகினால் ரீஃபில் பாதி வந்து நின்றது.

பேனா கடைகிற நாங்கள் மரத்துக்காக மாதக்கணக்கில் அலைவோம். நல்ல ரேகை உள்ள சில்வர் ஓக் துண்டு ஒன்றுக்காகக் குன்னூரில் இருந்து கூடலூர் வரை பஸ் ஏறுவோம். உலோகப் பாகங்கள் அடங்கிய கிட்டை மட்டும் படத்தைப் பார்த்து, விலையைப் பார்த்து, பத்து ஒரு கட்டாக வாங்கிவிடுவோம். அரை நாள் உழைப்பு அந்த உலோகத்தின் கையில்தான் இருக்கிறது என்பது பேனா திரும்பி வரும்போதுதான் உறைக்கும். அந்த அண்ணனின் பேனாவுக்குப் பிறகு நான் கிட் வாங்கும் முறையையே மாற்றிக்கொண்டேன். அதைத்தான் இங்கே வரிசையாக எழுதுகிறேன்.

புதிதாக வருகிறவர்களுக்கு: கிட் என்பது மரம் தவிர்த்த மற்றதெல்லாம். ஒன்றோ இரண்டோ பித்தளைக் குழல்கள், முனைக் கூம்பு (நாங்கள் மூக்கு என்போம்), ரீஃபிலை வெளியே தள்ளும் மெக்கானிசம், நடு வளையம், கிளிப், கொண்டை, ஒரு ரீஃபில். மரக்கட்டையில் துளை போட்டுக் குழலை ஒட்டி, லேத்தில் கடைந்து, இருபுறமும் உலோகத்தை அழுத்திச் சொருகினால் பேனா. அம்பாசமுத்திரத்தில் மரச் செப்புச் சாமான் கடைகிறவர்கள் செய்வதும் இதே கடைசல் வேலைதான். அவர்களுக்கு உலோகத்தோடு மல்லுக்கட்டும் தொல்லை கிடையாது, அவ்வளவே.

முதல் படி: யார் கையில், எந்த இடத்தில்?

கிட் பட்டியலைத் திறக்கும் முன் இதைக் கேட்டுக்கொள்ளுங்கள். உதகை சேரிங் கிராஸ் பக்கம் சுற்றுலா வந்தவர் பரிசுக்கு வாங்கும் பேனா வேறு. காலை ஆறரை மணிக்குச் சாரலில் நின்று பச்சை இலை எடை குறிக்கிறவரின் பேனா வேறு. முதலாவது பெட்டிக்குள் தூங்கும். இரண்டாவது ஒரு நாளைக்கு நூறு முறை திறந்து மூடப்படும், ஸ்வெட்டர் பையில் ஏறி இறங்கும், ஈரக் காகிதத்தில் எழுதும்.

இலை எடை குறிப்பவருக்கு மை பேனா கூடவே கூடாது. நனைந்த தாளில் மை ஓடிவிடும். பால்பாயிண்ட்தான் சரி. பிடிக்கும் இடம் மரமாக இருந்தால் இன்னும் நல்லது. மார்கழிக் காலையில் உலோகப் பிடி ஐஸ்கட்டி மாதிரி இருக்கும். சமவெளியில் இருப்பவருக்கு இது பெரிய விஷயமாகத் தோன்றாது. உதகையில் உறைபனி விழும் வாரத்தில் எழுதிப் பார்த்தவருக்குத் தெரியும்.

கை வியர்க்கிறவரா என்றும் கேளுங்கள். சிலர் கை வியர்வை எந்த முலாமையும் ஒரு வருடத்தில் தின்றுவிடும். கேட்பது கொஞ்சம் சங்கடம்தான். அவர் கைக்கடிகாரத்தின் பின்மூடியையோ மோதிரத்தையோ பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிடும்.

இரண்டாம் படி: ரீஃபிலில் தொடங்குங்கள்

மாற்று ரீஃபில் கிடைக்காத பேனா ஆறே மாதத்தில் அலமாரிக்குப் போய்விடும். ஆகவே முதலில் ரீஃபில், பிறகு கிட்.

பார்க்கர் வகை ரீஃபிலுக்கு உலகத்தரத்தில் ஜி2 என்று பெயர், நீளம் சுமார் 98 மில்லிமீட்டர். சின்ன ஊர் ஸ்டேஷனரிக் கடையிலும் கிடைக்கும். பல நிறுவனங்கள் இதே அளவில் செய்வதால் ஒருவர் நிறுத்தினாலும் இன்னொருவர் இருப்பார். இங்கே ஒரு குழப்பம் வரும். பைலட் நிறுவனம் ஜி2 என்ற பெயரில் ஒரு ஜெல் பேனா விற்கிறது. அதன் ரீஃபில் வேறு, நீளமும் அதிகம். பெயரைப் பார்த்து வாங்கி வந்து உள்ளே போகவில்லை என்று புலம்பியவர்களில் நானும் ஒருவன்.

ஸ்லிம்லைன் என்ற மெலிந்த கிட்டுகளுக்குக் கிராஸ் வகை ரீஃபில் வேண்டும். அது பெரிய ஊர்க் கடைகளிலும் இணையத்திலும் கிடைக்கும். மலையில் தேடினால் நடைதான் மிச்சம். ரோலர்பால் கிட்டுகளுக்கு ஷ்மிட் 888, 5888 அளவுகள் வழக்கம். மை பேனாக் கிட் என்றால், சர்வதேச அளவு கார்ட்ரிட்ஜும் (மை அடைத்த குப்பி) கன்வெர்ட்டரும் (மை உறிஞ்சி நிரப்பும் குழல்) பொருந்துமா என்று எழுத்திலேயே கேட்டு வாங்குங்கள்.

மூன்றாம் படி: எந்த வகைக் கிட்

ஸ்லிம்லைன்தான் எல்லோரும் கற்றுக்கொள்ளும் முதல் கிட். 7 மில்லிமீட்டர் துளை, இரண்டு குழல், மலிவு. கைபழக இதைவிட நல்லது கிடையாது. உழைப்புக்கு என்றால் எனக்கு இதில் நம்பிக்கை இல்லை. கடைந்து முடிக்கும்போது குழலின் மேல் நிற்கும் மரம் ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. மேல் பாதி வெறும் இறுக்கத்தால்தான் மெக்கானிசத்தின் மேல் நிற்கிறது. ரீஃபில் மாற்ற ஒவ்வொரு முறையும் இழுத்துப் பிரித்தால் அந்த இறுக்கம் தளரும். தொழிற்சாலை அண்ணனுக்கு நான் கொடுத்தது இதுதான்.

சியரா வகையில் ஒரே குழல், ஒரே கட்டை. துளை அளவு 27/64 அங்குலம், அதாவது 10.7 மில்லிமீட்டர். பார்க்கர் ரீஃபில் ஏற்கும். மரத்தின் ரேகை இடையில் அறுபடாமல் வரும் என்பதால் சில்வர் ஓக்குக்கு இதைவிடப் பொருத்தமானது இல்லை. குறை ஒன்றுதான்: விரல் பிடிக்கும் கீழ்ப்பகுதி முழுக்க உலோகம். பிடித்தால் குளிரும். முலாமும் அங்கேதான் முதலில் தேயும். சியரா வாங்கினால் முலாமில் கஞ்சத்தனம் பார்க்காதீர்கள்.

சிகார் வகை தடித்தது. கனத்த கைகளுக்கு உகந்தது. பிடிக்கும் இடம் மரம், மரத்துக்கும் நல்ல தடிமன் கிடைக்கும். எஸ்டேட்காரர்களுக்கு இப்போது நான் பெரும்பாலும் இதைத்தான் செய்கிறேன்.

போல்ட் ஆக்ஷன் வகையில் துப்பாக்கியின் தாழ்ப்பாள் மாதிரி ஒரு சின்னக் குமிழைத் தள்ளி வளைத்து விடுவோம். 3/8 அங்குலத் துளை, பார்க்கர் ரீஃபில். திருகும் மெக்கானிசமே கிடையாது. ஒரு ஸ்பிரிங், ஒரு தாழ், அவ்வளவுதான். கெட்டுப்போக அதிகம் எதுவும் இல்லாததால் உழைப்பில் இதற்கே என் முதல் ஓட்டு. விளையாட்டுச் சாமான் மாதிரி நாள் முழுக்க டக்டக் என்று தட்டிக்கொண்டே இருப்பார்கள் என்பது பக்கத்து மேசைக்காரரின் புகார். அதற்கு நான் பொறுப்பில்லை.

நான்காம் படி: முலாம்

பணம் வீணாவது அதிகமும் இங்கேதான். அதனால் கொஞ்சம் நின்று பார்ப்போம்.

பட்டியலில் '24 கேரட் தங்க முலாம்' என்று பார்த்ததும் மனசு அங்கே போகும். சுத்தத் தங்கம் மெத்தென்ற உலோகம். தட்டான் அதில் நகை செய்யும்போது செம்போ வெள்ளியோ சேர்ப்பது எதற்காக? இல்லாவிட்டால் நகை வளைந்து, தேய்ந்து போகும். அப்படி இருக்க, கண்ணுக்குத் தெரியாத மெல்லிய படலமாக அதைப் பித்தளைமேல் பூசி, தினமும் விரலால் தேய்த்தால் எத்தனை நாள் நிற்கும்? கிட் விஷயத்தில் 10 கேரட் முலாம் 24 கேரட்டைவிட அதிக நாள் தாங்கும். கலப்பு சேர்ந்ததால் கெட்டி. கேரட் எண் பெரிதாக இருக்கிறதே என்று மயங்க வேண்டாம்.

தங்க நிறம்தான் வேண்டும் என்று வாடிக்கையாளர் பிடிவாதம் பிடித்தால் டைட்டானியம் நைட்ரைடு கேளுங்கள். பட்டியல்களில் டைட்டானியம் கோல்டு என்று இருக்கும். இது வெற்றிடக் கலத்துக்குள் ஆவியாக்கிப் படிய வைக்கும் பி.வி.டி. முறை. டிரில் பிட்டுகள் சீக்கிரம் மழுங்காமல் இருக்க அவற்றின்மேல் மஞ்சளாகப் பூசியிருப்பார்களே, அதே பொருள்தான். இரும்பைத் துளைக்கும் பிட்டில் தாக்குப்பிடிப்பது விரல் தேய்ப்புக்கா அஞ்சும்? நிறம் தங்கத்தைவிட ஒரு சாயல் வெளுப்பு. பக்கத்தில் வைத்துப் பார்த்தால் தெரியும், தனியாகப் பார்த்தால் தெரியாது. ஆனால் 'டைட்டானியம் நிறம்' என்று மட்டும் எழுதியிருந்தால் நம்பாதீர்கள். அது வெறும் சாயத்தின் பெயராகவும் இருக்கலாம். பி.வி.டி. முறையா என்று கேட்டுத் தெளிவான பதில் வாங்குங்கள்.

வெள்ளை நிறத்தில் குரோம் ஏழையின் நண்பன். குளியலறைக் குழாயில் வருடக்கணக்கில் தண்ணீரும் சோப்பும் பட்டு நிற்கிறதே, அதேதான். மலிவு, கெட்டி. தினமும் உழைக்கும் பேனாவுக்கு நான் கண்ணை மூடிக்கொண்டு குரோமைச் சொல்வேன். ரோடியம் பிளாட்டினம் குடும்பத்து உலோகம், கறுக்காது. வெள்ளி நகைக்கு மேல்பூச்சாகவும் போடுகிறார்கள். குரோமில் ஒரு நீலச் சாயல் இருக்கும், ரோடியம் இன்னும் வெதுவெதுப்பான வெண்மை. பரிசுப் பேனாவுக்கு அது அழகு. விலையும் அதற்கேற்றபடி.

கறுப்பு நிறத்தில் இரண்டு ஜாதி உண்டு. ஒன்று பி.வி.டி. முறையில் வரும் கறுப்பு, நன்றாக நிற்கும். இன்னொன்று பெயிண்ட் அல்லது எனாமல். மூன்று முறை கீழே விழுந்தால் விளிம்பில் சில்லு பெயரும். படத்தில் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். பிரித்தறிய வழி இருக்கிறது: நெயில்பாலிஷ் அழிக்கும் அசிட்டோனைப் பஞ்சில் தொட்டுக் கொண்டையின் உட்புற விளிம்பில் நன்றாகத் தேயுங்கள். லாக்கர் என்ற வார்னிஷும் பெயிண்டும் பெரும்பாலும் இளகிப் பஞ்சில் நிறம் ஒட்டும். உலோக முலாமில் எதுவும் ஒட்டாது. 'ஆண்டிக் பிராஸ்', 'ஆண்டிக் காப்பர்' என்று வருவதையும் இப்படியே சோதியுங்கள். அவற்றின் பழமைத் தோற்றம் பெரும்பாலும் லாக்கருக்கு அடியில்தான் உயிர் பிழைத்திருக்கும்.

முலாமே இல்லாத பச்சைப் பித்தளைக் கிட் கிடைத்தால் தயங்காமல் வாங்குங்கள். போக முலாமே இல்லையே! நிறம் மங்கும், கறுக்கும், வேண்டுமானால் துலக்கிக்கொள்ளலாம். குத்துவிளக்குக்குப் புளி போடுகிற பழக்கத்தில் பேனாவுக்கும் போட்டுவிடாதீர்கள். புளித்தண்ணீர் மரத்தின் விளிம்பில் இறங்கினால் கறை போகாது. துணியில் பாலிஷ் தொட்டு உலோகத்தை மட்டும் துடையுங்கள்.

ஐந்தாம் படி: உள்ளே என்ன உலோகம்

முலாமுக்கு அடியில் இருப்பது பித்தளையா துத்தநாக வார்ப்பா என்று தெரிந்துகொள்ள வேண்டும். துத்தநாகம் மலிவு. அச்சில் ஊற்றி எப்படிப்பட்ட பூவேலையும் எடுக்கலாம். அலங்காரக் கிட்டுகளில் டிராகன், மீன், துப்பாக்கி எல்லாம் வருவது அதனால்தான். பூவேலைப் பகுதி துத்தநாகமாக இருந்தால் போகட்டும். மரை உள்ள பகுதியும் மூக்கும் துத்தநாகமாக இருந்தால் வேண்டாம். மரை சீக்கிரம் தேயும். முலாமில் ஊசிமுனை ஓட்டை இருந்தாலும் ஈரம் உள்ளே போய்க் கொப்புளம் கட்டும். நம் மலையில் ஈரத்துக்கா பஞ்சம்?

கண்டுபிடிக்கப் பெரிய வித்தை வேண்டாம். குழலுக்குள் மறையப்போகும் விளிம்பில் சின்ன அரத்தால் ஒரு இழுப்பு. மஞ்சள் தெரிந்தால் பித்தளை, சாம்பல் வெள்ளை தெரிந்தால் துத்தநாகம். வார்ப்பு என்றால் அச்சின் இரு பாதியும் சேர்ந்த கோடு பக்கவாட்டில் மெல்லியதாக ஓடும், நகத்தால் வருடினால் தட்டுப்படும். கிளிப்புக்குக் காந்தம் போதும். இழுத்தால் எஃகு, அதாவது ஸ்பிரிங் தன்மைக்கு வாய்ப்பு உண்டு. வெறும் பித்தளைக் கிளிப் ஒருமுறை வளைந்தால் வளைந்ததுதான்.

ஆறாம் படி: அசையும் பாகங்கள்

உராயும் இடத்தில்தான் தேய்மானம். திருகும் மெக்கானிசத்தைக் கையில் எடுத்து முப்பது நாற்பது முறை திருகுங்கள். ஆரம்பத்தில் இருந்த அதே இறுக்கம் கடைசியிலும் இருக்க வேண்டும். நடுவில் கரகரப்போ, நிற்கும் இடத்தில் வழுக்கலோ தெரிந்தால் ஒதுக்கிவிடுங்கள். ரீஃபிலைச் சொருகி வெளியே தள்ளி, முனையை மேசைமேல் அழுத்திப் பாருங்கள். கொஞ்சமும் உள்ளே போகக்கூடாது. மூக்கின் துளைக்கும் ரீஃபில் முனைக்கும் இடையே ஆட்டம் இருந்தால் எழுதும்போது டிக் டிக் என்று கேட்கும். அந்தச் சத்தம் பழகிப்போகும் என்று விற்கிறவர் சொல்வார். பழகாது.

மூடியுள்ள ரோலர்பால், மை பேனாக் கிட்டுகளில் மூடியின் மரையைப் பாருங்கள். பிளாஸ்டிக் உள்மரை தேய்ந்ததும் மூடி சுற்றிக்கொண்டே இருக்கும், பிடிக்காது. உலோகத்தோடு உலோகம் சேரும் மரை நல்லது. ஒன்றரைச் சுற்றுக்குள் மூடி இறுகினால் அது பல தொடக்க மரை. தினமும் திறக்கிறவருக்கு வசதி. பிளாஸ்டிக் எங்குமே கூடாது என்று சொல்லவில்லை. மூடிக்குள் நிப்பைக் காற்றுப்படாமல் மூடும் உள்ளுறை பிளாஸ்டிக்காக இருந்தால் நல்லதுதான், மை காயாது.

கிளிப்பைப் பற்றி ஒரு வார்த்தை. கிட் செய்கிறவர்கள் மெல்லிய சட்டைப் பையை நினைத்துச் செய்கிறார்கள். நீலகிரியில் பாதி வருடம் பேனா ஏறுவது கம்பளி ஸ்வெட்டரிலும் ஜெர்கினிலும். கிளிப்பின் நுனி உருண்டு, சற்று மேல்நோக்கி வளைந்திருக்க வேண்டும். உங்கள் தடித்த ஸ்வெட்டரை எடுத்து அதில் ஐம்பது முறை ஏற்றி இறக்குங்கள். நூலை இழுக்கிறதா, தளர்கிறதா என்று அப்போதே தெரிந்துவிடும்.

ஏழாம் படி: இரண்டு வாங்கி ஒன்றைப் பலி கொடுங்கள்

புதிய வகையோ புதிய விற்பனையாளரோ என்றால் முதலில் இரண்டே கிட். ஒன்றை அரத்தால் ராவி, அசிட்டோனில் தேய்த்து, சாவிக்கொத்தோடு ஒரு பையில் போட்டு இரண்டு வாரம் வண்டியில் அலைய விடுங்கள். வீணாய்ப் போகிறதே என்று வயிறு எரியும். பத்துப் பேனா திரும்பி வருவதைவிட இது மலிவு.

வாங்கும்போதே உதிரிப்பாகம் தருவாரா என்று கேளுங்கள். குழல், மெக்கானிசம், கிளிப் தனியாகக் கிடைக்க வேண்டும். தர மாட்டேன் என்கிறவரிடம் கிட் எவ்வளவு அழகாக இருந்தாலும் நான் வாங்குவதில்லை. சந்தையில் உள்ள கிட்டுகளில் பெரும்பகுதி சீனாவிலும் தைவானிலும் செய்யப்படுபவை. ஒரே பெயரில் வந்தாலும் ஒரு தவணைக்கும் அடுத்த தவணைக்கும் அளவு லேசாக மாறும். வாங்கிய தேதியை உறைமேல் எழுதி வையுங்கள்.

மை பேனாவுக்கு நிப் தனி விஷயம். கிட்டோடு வரும் நிப் பெரும்பாலும் சுமார் ரகம். ஐந்தாம் எண் அல்லது ஆறாம் எண் நிப் ஏற்கும் கிட்டாகப் பார்த்தால் பின்னால் மாற்றிக்கொள்ளலாம். யோவோ, போக், ஷ்மிட் மூன்றும் ஜெர்மன் நிப்புகள். நம் நாட்டில் கான்பூரின் கான்ரைட் இருக்கிறது. நிப்பை மட்டுமல்ல, நாக்கையும் (நிப்புக்கு அடியில் மை கொண்டுவரும் பகுதி) கழுத்தையும் (அவை சொருகும் பிடி) சேர்த்துப் பொருத்திப் பார்த்தே முடிவு செய்யுங்கள். எண் ஒன்றாக இருந்தாலும் நாக்கின் தடிமன் மாறும்.

எட்டாம் படி: அளவெடுத்தல், துளையிடல்

இதைச் சுருக்கமாக முடிக்கிறேன். கடையும்போது அளவு காட்டக் கிட்டோடு விற்கும் உலோக வளையமான புஷ்ஷின் அளவை மட்டும் நம்பாமல் வெர்னியர் காலிபரால் மூக்கையும் வளையத்தையும் கொண்டையையும் நேரடியாக அளந்து பாருங்கள். கால் மில்லிமீட்டர் வித்தியாசம்கூட விரலில் படிக்கட்டு மாதிரி தட்டும். துளைக்கு 7, 10 மில்லிமீட்டர் பிட்டுகள் எந்த ஹார்டுவேர் கடையிலும் இருக்கும். சியராவுக்கு 10.7, போல்ட் ஆக்ஷனுக்கு 9.5. இவை மேலே கிடைக்காவிட்டால் கோவைக்கு இறங்கும்போது டூல்ஸ் கடையில் வாங்கி வையுங்கள். முதலில் வேண்டாத கட்டையில் துளைத்துக் குழலை விட்டுப் பாருங்கள். தட்டாமல் உள்ளே போகணும், லொடலொடவென்று ஆடக்கூடாது.

ஒன்பதாம் படி: மலையின் ஈரம்

நல்ல கிட்டும் ஈரக் கட்டையில் தோற்கும். பித்தளைக் குழல் சுருங்காது, மரம் சுருங்கும். குன்னூர் மூடுபனியில் கடைந்த பேனா சென்னையில் ஏ.சி. அறைக்குப் போனதும் மரம் காய்ந்து இறுகி, குழல் விட்டுக்கொடுக்காததால் நீளவாக்கில் வெடிக்கும். வாங்கியவர் கிட்டைத் திட்டுவார், குற்றம் நம்முடையது.

தேயிலைக் கட்டை நெருக்கமான மரம், அவசரப்பட்டால் வெடிக்கும். வெட்டியதும் இரு முனையிலும் மெழுகு பூசி நிழலில் அடுக்குங்கள். வாரம் ஒருமுறை நகைத் தராசில் எடை போட்டுக் கட்டைமேலேயே எழுதுங்கள். எடை இறங்குவது நின்று மூன்று நான்கு வாரம் அசையாமல் இருந்தால் இங்குள்ள காற்றுக்குக் காய்ந்துவிட்டது. சமவெளிக்குப் போகும் பேனா என்றால் துளையிட்ட கட்டையைக் குண்டு பல்பு எரியும் மரப்பெட்டியில் இன்னும் சில நாள் வையுங்கள். கோத்தகிரி, குன்னூர்ப் பக்கம் ஐப்பசி கார்த்திகையிலும், கூடலூர்ப் பக்கம் ஆனி ஆடியிலும் நான் குழல் ஒட்டும் வேலையையே தள்ளிப்போடுவேன்.

மரத்தைப் பற்றிய இன்னொரு எச்சரிக்கை. சில்வர் ஓக், கற்பூர மரம் (யூகலிப்டஸ்), சீகை (வாட்டில்), கவாத்துக் கட்டை, தாண்டிக்குடிப் பக்கத்துக் காப்பிக் கட்டை, இவையே ஆயுளுக்கும் போதும். ஈட்டி மரத்துக்குத் தமிழ்நாட்டில் 1994-இல் தனிச் சட்டமே போட்டார்கள், சொந்தப் பட்டாவில் நின்றாலும் அனுமதியில்லாமல் வெட்டக்கூடாது என்று. ரசீது இல்லாத ஈட்டித் துண்டை யார் கொடுத்தாலும் கையில் வாங்காதீர்கள். சோலை மரங்கள் பக்கமே போக வேண்டாம்.

பசைக்கு வருவோம். குழலை 150 எண் உப்புத்தாளில் சொரசொரப்பாக்கி, இரு வாயையும் மெழுகாலோ உருளைக்கிழங்குச் சீவலாலோ அடைத்துவிட்டு ஒட்டுங்கள். ஊட்டிக் கிழங்குக்கு இப்படியும் ஒரு உபயோகம். ஃபெவிகுவிக் மாதிரிப் பசைகள் ஈரத்தில்தான் இறுகும். மழைநாளில் குழல் பாதி நுழையும்போதே பிடித்துக்கொள்ளும், பிறகு முன்னேயும் போகாது பின்னேயும் வராது. அரால்டைட் போன்ற எப்பாக்ஸி நிதானமானது, இடைவெளியையும் நிரப்பும். ஆனால் குளிரில் இறுக நாளாகும். அட்டையில் போட்டிருக்கும் நேரம் இந்தக் குளிருக்குச் செல்லாது. மார்கழியில் நான் இரண்டு நாள் விட்டுவிடுவேன்.

பத்தாம் படி: பிரிக்க முடிகிற மாதிரி பொருத்துங்கள்

குழலின் உள்வாயில் பசை ஒட்டியிருந்தால் உருண்டை அரத்தால் சுத்தம் செய்யுங்கள். அதை விட்டுவிட்டு மூக்கை அழுத்தினால் மரம் பிளக்கும். வைஸின் தாடைகளுக்கு மரத்துண்டு வைத்து, நேர்கோட்டில், மெதுவாக. திருகு மெக்கானிசத்தை அதில் உள்ள அடையாளக் கோட்டுக்கு ஒரு இழை முன்பே நிறுத்தி, ரீஃபிலைப் போட்டுப் பார்த்து, அப்புறம் மிச்சத்தை அழுத்துங்கள். கூடுதலாகப் போய்விட்டால் திரும்ப எடுப்பது பெரும்பாடு.

பொருத்தம் தளர்வாக இருந்தால் சூப்பர் குளூ வைக்கத் தோன்றும். அதன் ஆவி படிந்து பளபளப்பான முலாமில் வெள்ளைப் புகைபோல் மூடும், ஒட்டியதைப் பின்னால் பிரிப்பதும் கஷ்டம். ஊசிமுனையில் துளி எப்பாக்ஸி போதும். எப்பாக்ஸி சூட்டில் இளகும் என்பதால் பிறகு ஹேர் டிரையர் காட்டி, உள்ளே கம்பி விட்டுத் தட்டினால் பாகம் கழன்று வரும். பெரிய விட்டமுள்ள கிட்டுகளில் இப்படித் தட்டி எடுக்க இடம் இருக்கும், ஸ்லிம்லைனில் குழலோடு போராட வேண்டியிருக்கும்.

கடைசிப் படி: கொடுக்கும் முன் சோதனை

பால்பாயிண்ட் என்றால் நூறு முறை திருகுங்கள், ஒரு முழுப் பக்கம் எழுதுங்கள், ஒரு இரவு வெளித் திண்ணையில் குளிரில் வைத்துக் காலையில் எழுதுங்கள். பால்பாயிண்ட் மை குளிரில் கெட்டிப்படும். ஜனவரியில் முதல் இரண்டு வரி திணறுவது கிட்டின் குறை இல்லை என்று வாங்குகிறவருக்கும் சொல்லிவிடுங்கள்.

மை பேனாவுக்கு மலைக்கென்றே ஒரு சோதனை உண்டு. மேட்டுப்பாளையத்தில் இருந்து உதகைக்கு ஏறும்போது காற்றழுத்தம் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைகிறது. கன்வெர்ட்டரில் மைக்கு மேல் நிற்கும் காற்று விரிந்து மையை நிப் வழியே வெளியே தள்ளும். கீழே பயணம் போய் வரும்போது பாதி மையோடு பேனாவைப் பையில் எடுத்துப்போய், ஏறி வந்ததும் மூடியைத் திறந்து பாருங்கள். நிப்பை மேல்நோக்கி வைத்தும் மூடிக்குள் மை தெறித்திருந்தால் நாக்கோ கழுத்து மரையோ சரியில்லை. அந்தக் கிட் வேண்டாம். நல்ல கிட்டாக இருந்தாலும் பயணத்தில் முழுக்க நிரப்பியோ முழுக்கக் காலியாகவோ வைத்திருக்கச் சொல்லுங்கள்.

பேனாவோடு ஒரு துண்டுச் சீட்டும் வைப்பேன். மரத்தின் பெயர், ரீஃபில் வகை, கிட் வாங்கிய மாதம். அதன் நகல் என் நோட்டில் இருக்கும்.

தொழிற்சாலை அண்ணனுக்கு அடுத்து குரோம் சிகார் ஒன்று செய்து கொடுத்தேன். அதே தேயிலைத் தூரின் இன்னொரு துண்டு. போன வாரம் வந்திருந்தார். மூக்கைத்தான் முதலில் பார்த்தேன், கறுக்கவில்லை. "கிளிப்பை மட்டும் கொஞ்சம் இறுக்கிக் குடு தம்பி" என்றார். நோட்டில் அவர் பக்கத்தை எடுத்து எழுதி வைத்தேன்: சிகார், குரோம், மூன்றாவது வருடம், கிளிப்.